ஹாம்லெட் யாரை ஏமாற்றப் பைத்தியம் போல் நடிக்கிறான்?

ஒத்திகை_அறை | ஞாயிறு இரவு 9:50

நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஒத்திகை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைச் சுருக்கித் தமிழில் போடுவது என்று இறங்கி மூன்று மாதம் ஆகிறது. முதல் அங்கம் நன்றாகவே வந்துவிட்டது. இரண்டாம் அங்கத்தில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது.

ஹாம்லெட்டாக நடிக்கும் தம்பி இன்று ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, நான் எதற்குப் பைத்தியம் போல் நடிக்க வேண்டும்?" பழிவாங்க நேரம் வரும்வரை மறைந்திருப்பதற்காக என்றேன். அவன் விடவில்லை. "தோட்டத்தில் தூங்கிய அரசரை, என் அப்பாவை, பாம்பு கடித்தது என்றுதான் ஊரே நம்புகிறது. இப்போது அரசராக இருக்கும் சித்தப்பா கிளாடியஸ்தான் காதில் விஷம் ஊற்றினார் என்பது அப்பாவின் ஆவிக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? நான் பேசாமல் இருந்தால் சித்தப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நான் கிறுக்குத்தனம் செய்த பிறகுதானே வேவு பார்க்க ஆள் வைக்கிறார்?"

என்னிடம் பதில் இல்லை. தேநீர் இடைவேளை விட்டுத் தப்பித்தேன். இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், காப்பாற்றுங்கள்.

சுண்ணாம்புக்கல் | ஞாயிறு இரவு 10:05

இரண்டாம் அங்கத்திலேயே கொன்றுவிட்டால் மீதி மூன்று அங்கத்துக்கு டிக்கெட் யார் வாங்குவார்கள்? இதுதான் பதில். தம்பியைப் போய் வசனம் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

பழைய_ஏடு | ஞாயிறு இரவு 11:20

சுண்ணாம்புக்கல் விளையாட்டாகச் சொன்னாலும், தம்பி கேட்டது ஓட்டையின் மேலேயே கை வைத்த கேள்வி. ஓட்டை எப்படி வந்தது என்று பார்க்க மூலக்கதைக்குப் போக வேண்டும்.

சாக்ஸோ கிராமட்டிகஸ் என்ற டென்மார்க்காரர் சுமார் 1200-ஆம் ஆண்டையொட்டி லத்தீனில் எழுதிய தம் நாட்டு வரலாற்றில் அம்லெத் என்ற இளவரசனின் கதை வருகிறது. அதில் கொலை ரகசியமே கிடையாது. ஃபெங் தன் அண்ணனைக் கொன்றுவிட்டு, அண்ணியைக் காப்பாற்றவே செய்தேன் என்று ஊரறியச் சொல்லி, அவளையே மணந்துகொள்கிறான். இறந்தவனின் மகன் வளர்ந்தால் பழிவாங்குவான் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அறிவுள்ள பிள்ளை என்று தெரிந்தால் தலை தப்பாது. ஆகவே அம்லெத் உடம்பெல்லாம் அழுக்கைப் பூசிக்கொண்டு அடுப்பங்கரையில் சாம்பலைக் கிளறியபடி உட்கார்ந்துவிடுகிறான். அங்கே பைத்தியம் என்பது உயிர்க்கவசம்.

சாக்ஸோவின் அம்லெத் பொய்யே சொல்வதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். மரக்கொக்கிகளைச் செதுக்கி நெருப்பில் வாட்டிக் கடினப்படுத்திக்கொண்டிருக்கிறான். என்னடா செய்கிறாய் என்று கேட்கிறார்கள். அப்பாவுக்காகப் பழிவாங்கக் கூரிய ஆயுதம் செய்கிறேன் என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். கடைசியில் அவனுக்கே நடத்தும் கருமாதி விருந்தில் குடித்து விழுந்து கிடப்பவர்கள் மேல், தாய் பின்னிய திரையை இழுத்துப் போட்டு, அதே கொக்கிகளால் இறுக்கி, மண்டபத்துக்குத் தீ வைக்கிறான். பிறகு ஃபெங்கின் படுக்கையறைக்குப் போய் வாளை மாற்றி வைத்துவிட்டு அவனை எழுப்பிக் கொல்கிறான். மறுநாள் அவனே அரசன்.

பெல்ஃபோரே 1570-இல் இதைப் பிரெஞ்சில் விரித்து எழுதினார். ஷேக்ஸ்பியர் காலத்து மேடையிலோ கொலையை ரகசியமாக்கி, அதைச் சொல்ல ஓர் ஆவியைக் கொண்டு வந்துவிட்டார்கள். ரகசியமாக்கிய அந்தக் கணமே பைத்திய வேடத்துக்கு வேலை போய்விட்டது. ஆனால் வேடம் போகவில்லை.

ஒத்திகை_அறை | திங்கள் காலை 7:15

ஐயா, அப்படியானால் இது பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது அப்படியே விட்டுவிட்ட மாடிப்படி போலவா? மேலே அறை இல்லை, படி மட்டும் நிற்கிறதா? இதைச் சொன்னால் தம்பி ஹாம்லெட்டையே விட்டுவிட்டுப் போய்விடுவான்.

நிலாமுற்றம் | திங்கள் மதியம் 1:40

நான் இலக்கியம் படித்தவள் இல்லை. மனநல விடுதியில் செவிலியராகப் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள். போன வாரம்தான் உட்கார்ந்து இந்த நாடகத்தை முழுதாகப் படித்தேன். ஆகவே தவறாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி விசித்திரமாக நடந்துகொள்வேன், நீங்கள் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவன் நண்பர்களிடம் சொல்வது முதல் அங்கத்தின் கடைசியில். அதற்கு முன்பே என்ன நடக்கிறது பாருங்கள். ஆவி மறைந்ததும் குறிப்பேட்டை எடுத்து, சிரித்துக்கொண்டே ஒருவன் அயோக்கியனாக இருக்க முடியும் என்று எழுதி வைத்துக்கொள்கிறான். எந்த மகன் அந்த நேரத்தில் குறிப்பு எடுப்பான்? நண்பர்கள் வந்தால் சம்பந்தமில்லாமல் பேசுகிறான். நண்பன் ஹொரேஷியோவே, என்ன இப்படித் தலைகால் புரியாமல் பேசுகிறீர்கள் என்கிறான். தரைக்கடியிலிருந்து குரல் வந்ததும், பெற்ற தகப்பனின் ஆவியை வேலைக்காரப் பையனைக் கூப்பிடுவது போலக் கேலியாகக் கூப்பிடுகிறான்.

இதெல்லாம் திட்டத்துக்கு முன்னால். முதலில் உள்ளே ஏதோ நழுவுகிறது. அது நழுவுவது அவனுக்கே தெரிகிறது. உடனே, நான் நடிக்கப் போகிறேன் என்று அறிவித்துவிடுகிறான். விடுதியில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தெளிந்த பிறகு பலர் சொல்வது இதுதான்: "சிஸ்டர், நான் சும்மா நடித்தேன்." அதில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கைப்பிடி ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தம்பியிடம் யாரை ஏமாற்றுகிறாய் என்று கேட்காதீர்கள். எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள்.

சொல்பொறுக்கி | திங்கள் இரவு 8:30

நிலாமுற்றம் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சொல் பற்றி ஒன்று. ஹாம்லெட் தன் நிலைக்குப் பயன்படுத்தும் சொல் 'மெலங்கொலி'. கிரேக்கத்தில் அதன் நேர்ப்பொருள் கரும்பித்தம். உடம்பில் நான்கு நீர்கள், அவற்றில் கரும்பித்தம் மிஞ்சினால் துயரமும் பயமும் பிரமையும் வரும் என்பது அன்றைய ஐரோப்பிய வைத்தியம். டிமதி பிரைட் என்ற மருத்துவர் 1586-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். நம் 'பித்து' பித்தத்திலிருந்து வருகிறது. ஆக, இந்த ஒரு விஷயத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது! 'மனச்சோர்வு' என்று போடாதீர்கள், அலுவலக விடுப்பு விண்ணப்பம் போல இருக்கும். 'பைத்தியம்' என்றால் கதவு சாத்திவிடுகிறது. 'பித்து' என்றால் காதலுக்கும் ஆகும், பக்திக்கும் ஆகும், நோய்க்கும் ஆகும். அமைச்சர் பொலோனியஸ் அதைக் காதல் பித்து என்று தவறாகப் புரிந்துகொள்ள இடமும் கிடைக்கும்.

இரண்டாம் அங்கத்தின் கடைசித் தனிமொழியில், நான் பார்த்தது பேயாக இருக்கலாம், என் பலவீனத்தையும் இந்தப் பித்தத்தையும் பயன்படுத்தி என்னை ஏய்க்கலாம் என்று அவனே பயப்படுகிறான். முழுக்க நடிப்பவனுக்கு அந்தப் பயம் வராது.

சுண்ணாம்புக்கல் | திங்கள் இரவு 9:10

ஒரு சின்ன எதிர்ப்பு. அம்மாவிடம் என்ன சொல்கிறான்? நான் உண்மையில் பித்தன் இல்லை, தந்திரத்தால் பித்தன் என்கிறான். வடமேற்குக் காற்றடித்தால்தான் கிறுக்கு, தெற்குக் காற்றில் பருந்து எது என்று எனக்குத் தெரியும் என்று பள்ளித் தோழர்களிடமும் சொல்கிறான். அவன் வாக்குமூலத்தையே தள்ளிவிட்டால் யாரைத்தான் நம்புவது?

கீழவீதி_வக்கீல் | திங்கள் இரவு 11:45

வாக்குமூலம் என்ற சொல் கண்ணில் பட்டதும் உள்ளே வந்துவிட்டேன்.

சாட்சி முரண்படுகிறது, கனம் சுண்ணாம்புக்கல் அவர்களே. மூன்றாம் அங்கத்தில் தாயிடம், நான் பித்தன் இல்லை. ஐந்தாம் அங்கத்தில் வாட்போருக்கு முன், தன் கையால் இறந்த பொலோனியஸின் மகன் லேயர்டிஸிடம் மன்னிப்புக் கேட்கும்போது, உனக்குத் தீங்கு செய்தது ஹாம்லெட் இல்லை, ஹாம்லெட்டின் பித்து. அந்தப் பித்து ஹாம்லெட்டுக்கே எதிரி. சபை நிறைந்திருக்க இப்படிச் சொல்கிறான். இரண்டும் எப்படி உண்மையாகும்? 1765-இல் சாமுவேல் ஜான்சன் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்தபோதே இதைக் கண்டு முகம் சுளித்தார். நல்லவனோ வீரனோ பொய்யின் பின்னால் ஒளியக் கூடாது, வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்பது அவர் வருத்தம்.

எனக்கு அது பொய்யாகப் படவில்லை, வாதமாகப் படுகிறது. புத்தி தடுமாறியவன் செயலுக்குப் பொறுப்பில்லை என்பது அன்றைய சட்டத்திலும் உண்டு. பித்துப் பிடித்து நீரில் மூழ்கிய பொலோனியஸின் மகள் ஒஃபீலியாவின் சவக்குழியில் அதையே வைத்துத்தான் வெட்டியான்கள் சட்டம் பேசுகிறார்கள். அவளே போய்த் தண்ணீரில் விழுந்தாளா, தண்ணீர் வந்து அவளை எடுத்துக்கொண்டதா? ஒரு செயலுக்கு மூன்று கிளை என்று வெட்டியான் அடுக்குகிறான். அது வெறும் உளறல் என்று நினைத்திருந்தேன், பிறகுதான் தெரிந்தது. சர் ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதி 1554-இல் ஆற்றில் விழுந்து உயிரை விட்டார். தற்கொலை குற்றம் என்பதால் சொத்து அரசுக்குப் போய்விட்டது. அவர் மனைவி தொடுத்த வழக்கில், தற்கொலை என்ற செயலுக்கு எண்ணம், தீர்மானம், நிறைவேற்றம் என்று மூன்று பகுதி உண்டு என வாதாடினார்கள். பாவம், அந்த அம்மாள் தோற்றார். நாற்பது ஆண்டு கழித்து மேடையில் மண்வெட்டியோடு ஒருவன் அந்த வாதத்தைக் கிண்டல் செய்கிறான்.

இளவரசன் கொன்றுவிட்டுப் பித்து என்கிறான், வாள் விளையாட அழைக்கிறார்கள். பித்துப் பிடித்தே செத்தவளுக்கு முழுச் சடங்கு கிடையாது. பாதிரியார் மறுத்துவிடுகிறார்.

பழைய_ஏடு | செவ்வாய் காலை 6:05

வக்கீலய்யா கடைசியாகச் சொன்னதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானியத் துன்பியல்' என்ற நாடகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைப் பார்க்காமல் ஹாம்லெட்டைப் பேசுவது அண்ணனை விட்டுவிட்டுத் தம்பிக்கு மட்டும் பந்தி போடுவது மாதிரி.

1580-களில் எழுதப்பட்டது. ஹியரோனிமோ ஸ்பெயின் அரசவையின் நீதி அதிகாரி. அவர் மகனை அவர் தோட்டத்துப் பந்தலிலேயே தூக்கில் தொங்கவிட்டுக் குத்திக் கொல்கிறார்கள். (மகன் பெயரும் ஹொரேஷியோதான், குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இரவு உடையில் ஓடி வரும் அப்பா பிணத்தை இறக்குகிறார், இரத்தம் தோய்ந்த கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்கிறார். ஊருக்கெல்லாம் நீதி வழங்குபவர். தனக்கு நீதி கேட்டு அரசர் முன் வாய் திறந்தால் கொலையாளிகளில் ஒருவனே வந்து மறித்துவிடுகிறான்.

அந்த மனிதர் உடைவது படிப்படியாக நடக்கிறது. குத்துவாளால் தரையைத் தோண்டுகிறார், மகனை மண்ணிலிருந்து எடுத்துவிடப் போகிறாராம். மனு கொண்டு வந்தவர்களின் பத்திரங்களைப் பல்லால் கிழிக்கிறார். மகன் கொலைக்கு நீதி கேட்டு வந்த ஒரு கிழவரைப் பார்த்து, நீதான் என் மகனா, இப்படி மூப்படைந்துவிட்டாயே என்கிறார். இந்த இடத்தை நான் எப்போது படித்தாலும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். மனைவி இசபெல்லாவும் பித்துப் பிடித்து, அந்தப் பந்தலை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தன்னையே குத்திக்கொள்கிறாள். கடைசியில் அரசவைக்கு ஒரு நாடகம் போடுகிறேன் என்று கொலைகாரர்களையே நடிக்க வைத்து, மேடையிலேயே மெய்யான கத்திக்குத்தில் சாகடித்துவிடுகிறார். பார்வையாளர்கள் கை தட்டுகிறார்கள். விளக்கம் கேட்கும்போது தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிடுகிறார்.

ஜனங்களுக்கு இது போதவில்லை. 1602-ஆம் ஆண்டுப் பதிப்பில் பித்துக் காட்சிகளை இன்னும் சேர்த்தார்கள். அதில் ஹியரோனிமோ ஓர் ஓவியனிடம், ஓர் அலறலை வரைய முடியுமா என்று கேட்கிறார்.

ஆக, கிட்டின் நாடகத்தில் பித்தும் பழியும் ஒரே மனிதருக்குள் இருக்கின்றன. நீதி கிடைக்காததால் பித்து. பித்து முற்றியதால் பழி. தம்பியின் கேள்வியே அங்கே எழாது.

சுண்ணாம்புக்கல் | செவ்வாய் காலை 9:30

இதைப் போடலாமே! ஹாம்லெட்டை எதற்குக் கட்டி அழுகிறீர்கள்? பல்லால் பத்திரம் கிழிப்பதற்கே முன்வரிசை எழுந்து நிற்கும்.

ஒத்திகை_அறை | செவ்வாய் காலை 9:42

நாக்கைக் கடித்துத் துப்ப எங்கள் குழுவில் ஆள் தயார். துப்பியதைக் கழுவத்தான் ஆள் இல்லை. வாடகை மண்டபம், முன்பணம் போய்விடும்.

நிலாமுற்றம் | செவ்வாய் இரவு 10:20

இரவுப் பணி முடிந்து வந்து இதை எழுதிய காலம் போய், இப்போது பேரனைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

பழைய_ஏடு ஐயா சொன்ன 'ஒரே மனிதருக்குள்' என்பது காலையிலிருந்து மனதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹியரோனிமோவிடம் ஒன்றாக இருந்த இரண்டும் ஹாம்லெட்டில் எங்கே போயின? பித்து, நடிப்பாகப் பாதி. பழி, தள்ளிப்போடலாகப் பாதி. அவனிடம் எல்லாமே பாதிதான். மிச்சப் பாதிகளைத் தேடினேன். பொலோனியஸ் வீட்டில் கிடைத்தன. மகளுக்கு முழுப் பித்து. மகனுக்கு முழுப் பழி.

ஒஃபீலியா நடிக்கவில்லை. பாடிக்கொண்டு வருகிறாள். அவள் பேச்சில் ஒன்றுமில்லை, ஆனால் கேட்கிறவர்கள் அதற்குத் தாங்களே ஒட்டுப்போட்டுப் பொருள் செய்துகொள்கிறார்கள் என்று அவையில் ஒருவன் வந்து சொல்கிறான். உடனே எல்லோருக்கும் வரும் கவலை அவளைப் பற்றியதா? ஊரில் சந்தேகத்தை விதைத்துவிடுவாளே என்பதுதான். லேயர்டிஸோ நேராகக் கும்பலோடு கதவை உடைத்துக்கொண்டு வருகிறான். என்ன செய்வாய் என்றால் தேவாலயத்திலேயே வைத்துக் கழுத்தை அறுப்பேன் என்கிறான். மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும் கிளாடியஸைக் கொன்றால் சொர்க்கத்துக்குப் போய்விடுவானே என்று வாளை உறையில் போட்ட ஹாம்லெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இருவரையும் இப்படி ஆக்கியது யார்? அவர்கள் அப்பாவைத் திரைக்குப் பின்னால் குத்தியவன் ஹாம்லெட். அந்த வீட்டுக் கதையை மட்டும் தனியாக எழுதினால், அதில் கிளாடியஸ் இடத்தில் நிற்பவன் அவன்தான்.

வேலை பழக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவளை நெருங்கிப் பின்தொடருங்கள், நன்றாகக் கவனியுங்கள் என்று அரசர் உத்தரவு போடுகிறார். பிறகு அவள் ஓடையில் விழுந்ததை அரசி சொல்லும்போது கிளை முறிந்தது, உடை விரிந்து சிறிது நேரம் மிதந்தது, பாட்டைத் துண்டு துண்டாகப் பாடினாள் என்று அவ்வளவு விவரம் வருகிறது. அப்படியென்றால் யாரோ கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எங்கள் விடுதியில் இது நடந்திருந்தால் பணியில் இருந்தவரிடம் முதல் கேள்வியே அதுதான்.

பழைய_ஏடு | புதன் காலை 5:50

நிலாமுற்றம் அம்மா, போன வாரம்தான் படித்தேன் என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

உங்கள் பக்கம் ஓர் ஆதாரம். ஐந்தாம் அங்கத்தில் ஹாம்லெட்டே ஹொரேஷியோவிடம், என் வழக்கின் சாயலில் அவன் வழக்கைப் பார்க்கிறேன் என்று லேயர்டிஸைப் பற்றிச் சொல்கிறான். 1623-இல் வந்த பெரிய தொகுப்பில்தான் இந்த வரி இருக்கிறது. சுமார் இருபது ஆண்டு முன்பு சிறு தனிநூலாக வந்த இரண்டாம் குவார்ட்டோ பதிப்பில் இல்லை. உங்கள் சுருக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒத்திகை தம்பி. அதை வெட்டியிருந்தால் திரும்ப ஒட்டுங்கள்.

சுண்ணாம்புக்கல் | புதன் காலை 8:15

திரைக்குப் பின்னால் இருந்தது அரசன் என்று நினைத்துக் குத்தினான். தெரியாமல் செய்தது. தூங்குகிற அண்ணனின் காதில் விஷம் ஊற்றியவனோடு ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

கீழவீதி_வக்கீல் | புதன் காலை 8:40

குறி தவறினாலும் கொல்லும் நோக்கம் இருந்ததே. அதன் பிறகு பிணத்தை இழுத்துக்கொண்டு போய் மறைத்தார். எங்கே என்று கேட்டால் புழுக்கள் விருந்தில் இருக்கிறார் என்று நகைச்சுவை செய்தார். தண்டனையில் வேண்டுமானால் குறைக்கலாம்.

சொல்பொறுக்கி | புதன் மதியம் 12:30

நம் மொழியில் 'பழி' என்பதற்கு இரண்டு பொருள். வாங்கினால் வஞ்சம் தீர்ப்பது. சுமந்தால் நிந்தை. பழி வாங்கப் போனவன் பழியையும் வாங்கிக்கொண்டான் என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சாகும்போது ஹாம்லெட்டுக்கு எது பெரிய கவலை? அப்பாவின் பெயரைக்கூட எடுப்பதில்லை. உண்மை தெரியாமல் போனால் என் பெயர் காயப்பட்டுக் கிடக்குமே, நீ இருந்து கதையைச் சொல் என்று ஹொரேஷியோவைக் கெஞ்சுகிறான். இரண்டாவது பழிதான் அப்போது அவனை உறுத்துகிறது.

பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டைத் தமிழாக்கியபோது நாயகனுக்கு அமலாதித்தன் என்று பெயர் வைத்தார். அமலன் என்றால் மாசில்லாதவன். ஓசைக்காக வைத்த பெயராக இருக்கலாம். ஆனாலும், மாசைக் கழுவ அலைகிறவனுக்கு எப்படிப்பட்ட பெயர்! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு, ஒலியில் அது சாக்ஸோவின் அம்லெத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

ஒத்திகை_அறை | புதன் இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. தம்பியைக் கூப்பிட்டு இந்த இழை முழுவதையும் படிக்கக் கொடுத்தேன். எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்ற கேள்வி அவனுக்குப் பிடித்துவிட்டது. முதல் அங்கத்துக் குறிப்பேட்டை நாடகம் முழுவதும் கையில் வைத்திருக்கப் போகிறானாம். பித்து ஏறும் நேரமெல்லாம் அதில் எதையாவது எழுதுவானாம். நான்காம் அங்கத்தில் ஒஃபீலியா வரும்போது ஹாம்லெட் கப்பலில் இருப்பதால், அந்த ஏடு மேடை ஓரத்தில் தனியாகக் கிடக்கும்.

இப்போது அந்தக் காட்சியில் அவள் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பூக்கள்தான் பிரச்சினை. ரோஸ்மேரி நினைவுக்கு என்கிறாள், நம் பார்வையாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெருஞ்சீரகத்தை அரசனிடம் நீட்டுகிறாள் என்று வசனம் எழுதிப் படித்துக் காட்டினேன். ஒன்பது பேரும் சிரித்துவிட்டார்கள். ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு சோம்பு வருகிறதே, அது மாதிரி இருக்கிறதாம்.

நிலாமுற்றம் | புதன் இரவு 9:55

சிரிக்கட்டும். அவள் சபையில் வந்து நிற்கும்போது முதலில் நாலு பேராவது சிரித்திருப்பார்கள்.

அரசிக்கும் தனக்கும் என்று அவள் பிரிக்கும் 'ரூ' என்ற செடி எது என்று தேடினேன். நம் சதாப்புதான்! கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வைத்திருப்போமே, அதே சதாப்பு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே வருந்துதல் என்றும் பொருள் இருக்கிறதாம். உங்களுக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம், ஆனால் நீங்கள் அதை வேறு விதமாகச் சூடிக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

ஒத்திகை_அறை | புதன் இரவு 10:02

அம்மா, சதாப்பு நிஜச் செடியாகவே வேண்டும். வாசனை முன்வரிசை வரைக்கும் போகும். எங்கே கிடைக்கும்?

நிலாமுற்றம் | புதன் இரவு 10:06

எங்கள் வீட்டு மாடியில் தொட்டியில் இருக்கிறது. ஞாயிறு காலை ஆள் அனுப்புங்கள். பேரனுக்கும் வேண்டும் என்பதால் ஒரு கொத்துதான் தருவேன். போதும், அவளும் அதைத்தானே இரண்டாகப் பிரிக்கிறாள்.